பவுடர் டாய்க்குப் புதிய உறைய வைக்கும் எலிமென்ட் பரிந்துரைப்பது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தி பவுடர் டாய் என்பது மணல், நீர், நெருப்பு போன்ற பொருள்களைத் திரையில் கொட்டி, அவை ஒன்றோடொன்று என்ன செய்கின்றன என்று பார்க்கும் கணினி விளையாட்டு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எலிமென்ட் என்று பெயர். அதற்குப் புதிதாக ஓர் உறைய வைக்கும் எலிமென்ட் பரிந்துரைக்க நினைக்கிறீர்கள். அதன் வெப்பநிலை எப்போதும் மைனஸ் 273 டிகிரி. எதைத் தொட்டாலும் அது உடனே உறைய வேண்டும், தொட்ட இடத்திலிருந்து பரவவும் வேண்டும். இதை ஏற்றுக்கொள்வார்களா, எப்படி எழுதினால் எடுபடும் என்று கேட்கிறீர்கள்.

இப்படியே அனுப்பினால் எடுபடாது. யோசனையில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்கும் பொருள் விளையாட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் நாலைந்து வடிவில் இருக்கிறது. நானும் ஆரம்பத்தில் 'சூப்பர் ஐஸ்' என்று பெயர் வைத்து இதையேதான் ஒரு பக்கம் எழுதினேன். "ஃப்ரீஸ் பவுடரை ஒருமுறை தண்ணீரில் போட்டுப் பார்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. போட்டுப் பார்த்த பிறகு என் பக்கத்தை நானே அழித்துவிட்டேன்.

அந்த ஃப்ரீஸ் பவுடரிலிருந்தே தொடங்கலாம். அது தண்ணீரைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து ஃப்ரீஸ் வாட்டர் ஆகும். ஃப்ரீஸ் வாட்டர் பக்கத்தில் இருக்கும் சாதாரண நீரையும் தன்னைப்போலவே மாற்றிக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் அது பனிக்கட்டி ஆகிவிடும், ஆகும்போதே வெப்பநிலை 200 டிகிரி சட்டென்று இறங்கும். இத்தோடு முடிவதில்லை. அப்படி உருவான பனிக்கட்டி ஒவ்வொரு பிரேமிலும், அதாவது விளையாட்டு ஒருமுறை கணக்கிட்டுத் திரையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், தானாக ஒரு டிகிரி குளிர்ந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு 60 பிரேம் ஓடினால், அறை வெப்பநிலையான 22 டிகிரியிலிருந்து தனிச்சுழி வரை (அதற்குக் கீழே குளிரே இல்லாத மைனஸ் 273.15 டிகிரி) இறங்க 5 விநாடி போதும். தொட்டால் பரவுகிறது, முடிவில்லாமல் குளிர்கிறது. நீங்கள் கேட்டதில் முக்கால்வாசி இதிலேயே வந்துவிட்டது.

மிச்சக் கால்வாசிக்கும் ஆள் உண்டு. திரவ நைட்ரஜன் 70 கெல்வினில் வரும் (கெல்வின் என்பது தனிச்சுழியை 0 என்று வைத்து எண்ணும் டிகிரி). அதற்கும் கீழே நைட்ரஜன் ஐஸ் 35 கெல்வினில் நிற்கும். ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), திரவ ஆக்சிஜன் இரண்டும் தனியாக இருக்கின்றன. கோல்ட் ஃப்ளேம் என்று ஒரு குளிர் நெருப்பு உண்டு, அது பிறக்கும்போதே 0 கெல்வின். 100 கெல்வினுக்குக் கீழே ஏதாவது தொட்டால் வெடிக்கும் சி-5 என்ற வெடிபொருளும் இருக்கிறது. வெடித்தால் அந்தக் குளிர் நெருப்புதான் பறக்கும். இதெல்லாம் போதாதென்றால் குளிர்விக்கும் கருவியைப் பிடித்து எந்த எலிமென்டின் மேலும் தேய்க்கலாம். மைனஸ் 273.15 வரை போகும், அதற்குக் கீழே விளையாட்டே விடாது. ஆக, 'இன்னும் குளிர்' என்ற திசையில் போக இடமே இல்லை.

'தொட்டதெல்லாம் உறைய வேண்டும்' என்பதில் வேறொரு சிக்கல். உறைவதற்கு ஒரு திட வடிவம் வேண்டுமே? தண்ணீருக்குப் பனிக்கட்டி இருக்கிறது, எரிமலைக் குழம்புக்கு அது எதிலிருந்து உருகியதோ அந்தப் பொருள் இருக்கிறது. எண்ணெயை மைனஸ் 270க்குக் கொண்டுபோனாலும் அது எண்ணெயாகத்தான் ஓடும். விளையாட்டில் அதற்கு உறைநிலையே எழுதப்படவில்லை. தொட்டதெல்லாம் உறைய வேண்டுமென்றால் இப்படிப்பட்ட ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு திட வடிவம் யோசிக்க வேண்டியிருக்கும். பரிந்துரையைப் படிப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான்.

சரி, புதிதாக என்ன செய்யலாம்? அதற்கு முன், இந்த விளையாட்டில் குளிர் எப்படிப் பரவுகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். இது தெரியாமல் யோசித்தால் எல்லோரும் ஃப்ரீஸ் பவுடரில்தான் போய் முட்டுவோம்.

ஒவ்வொரு பிரேமிலும் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சீட்டுக் குலுக்கல் நடக்கும். அதன் வெப்பக் கடத்தல் எண் பெரிதாக இருந்தால் சீட்டு விழ வாய்ப்பு அதிகம். உலோகத்துக்கு அந்த எண் 251, தண்ணீருக்கு 29, வெப்பத் தடுப்பானுக்கு பூஜ்யம். சீட்டு விழுந்தால் அந்தத் துகளும் அதைச் சுற்றியுள்ள எட்டுத் துகள்களும் தங்கள் வெப்பநிலையைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வரும் சராசரியை எல்லோரும் எடுத்துக்கொள்ளும். இதுதான் மொத்த வெப்ப இயற்பியலும். இரும்புக்கும் தண்ணீருக்கும் வாயுவுக்கும் ஒரே மதிப்பு. ஒரு பிக்சல் என்றால் ஒரு ஓட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 டிகிரி தண்ணீர் எட்டு பிக்சல், நடுவே 70 கெல்வின் திரவ நைட்ரஜன் ஒரு பிக்சல், சுற்றி வேறு எதுவும் இல்லை. சராசரி 270 கெல்வின், அதாவது மைனஸ் 3 டிகிரி. எட்டுத் தண்ணீரும் உறைநிலைக்குக் கீழே போய்விட்டன. ஒரு சொட்டு நைட்ரஜன் எட்டுச் சொட்டுத் தண்ணீரை உறைய வைத்துவிட்டது!

நிஜத்தில் கதை தலைகீழ். 22 டிகிரியில் இருக்கும் 1 கிராம் தண்ணீரை பூஜ்யத்துக்குக் கொண்டுவர சுமார் 92 ஜூல் வெளியே எடுக்க வேண்டும். பூஜ்யத்தில் இருக்கும் தண்ணீரை பூஜ்யத்திலேயே பனிக்கட்டி ஆக்க இன்னொரு 334 ஜூல். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அது. மொத்தம் 426 ஜூல். 1 கிராம் திரவ நைட்ரஜன் கொதித்து ஆவியாகும்போது இழுப்பது 199 ஜூல்தான். ஆவியான பிறகு அந்தக் குளிர்ந்த வாயுவும் கொஞ்சம் இழுக்கும், அதை விட்டுவிடுவோம். கொதிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் 1 கிராம் தண்ணீருக்கு 2 கிராமுக்கு மேல் நைட்ரஜன் வேண்டும். விளையாட்டு எட்டுக்கு ஒன்று என்கிறது, இயற்கை ஒன்றுக்கு இரண்டு என்கிறது.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? முக்கியமாக அந்த 334 ஜூலிலிருந்து. வழக்கமாக வெளியிடப்படும் பவுடர் டாயில் உள்ளுறை வெப்பம் கணக்கில் இல்லை. தண்ணீர் பூஜ்யத்தைத் தாண்டியதும் பெயரை மாற்றிக்கொண்டு பனிக்கட்டி ஆகிவிடுகிறது, யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. உருகும்போதும் அப்படியே. இது குறைதான் என்றாலும் வேண்டுமென்றே விட்ட குறை. லட்சக்கணக்கான துகள்களை விநாடிக்கு 60 முறை கணக்கிடும் விளையாட்டு எங்கேயாவது சுருக்கித்தானே ஆக வேண்டும்.

இதனால் வரும் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 'திரவ ஹீலியம் சேர்க்கலாமே, நைட்ரஜனைவிடக் குளிர் அதிகம்' என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கிறது, உண்மைதான். 1908 ஜூலை 10ஆம் தேதி நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் கேமர்லிங் ஆன்னஸ் அதை முதல்முறை திரவமாக்கியபோது பூமியிலேயே மிகக் குளிர்ந்த இடம் அந்த ஆய்வகம்தான். ஆனால் 1 கிராம் திரவ ஹீலியம் ஆவியாகும்போது இழுக்கும் வெப்பம் 21 ஜூலுக்கும் குறைவு. எடையும் மிக லேசு, ஒரு லிட்டர் 125 கிராம்தான். ஒரே அளவு பாத்திரத்தில் எடுத்துப் பார்த்தால், கொதிக்கும்போது வெப்பம் இழுப்பதில் நைட்ரஜன் ஹீலியத்தைவிட 60 மடங்கு பலசாலி. ஹீலியம் குளிர்ச்சியான நோஞ்சான். விளையாட்டில் சேர்த்தால் அது பயில்வான் ஆகிவிடும், ஏனென்றால் அங்கே வெப்பநிலை ஒன்றுதான் பேசும். ஹீலியத்தைச் சேர்க்கத் தகுந்த காரணம் வேறொன்று இருக்கிறது. 2.17 கெல்வினுக்குக் கீழே அது உராய்வே இல்லாத மீப்பாய்மமாக மாறி, கிண்ணத்தின் சுவரில் மெல்லிய படலமாக ஏறி, வெளியே வழிந்து தப்பித்துப் போகும். சுவர் ஏறும் திரவம் என்று எழுதினால் படிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 4 கெல்வின் என்று எழுதினால் உட்கார மாட்டார்கள்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த யோசனை. உறைய வைக்கும் பொருளுக்குப் பதிலாக, உறையத் தயாராக இருந்தும் உறையாமல் நிற்கும் ஒரு பொருளைப் பரிந்துரையுங்கள். மீக்குளிர் நீர்.

இதை நீங்களே வீட்டில் பார்த்திருக்கலாம். சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டு, மறந்துவிடாமல் சரியான நேரத்தில் எடுத்தால் உள்ளே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மேசையில் ஒரு தட்டு தட்டினால், மேலிருந்து கீழே வெள்ளை ஊசிகள் இறங்கி, கண்ணெதிரே மொத்த பாட்டிலும் மங்கிப்போகும். எனக்கு நாலு முறைக்கு ஒருமுறைதான் வாய்க்கும். மற்ற மூன்று முறை ஒன்று வெறும் தண்ணீர், அல்லது பாட்டில் கல்லாகி உப்பியிருக்கும்.

காரணம் இதுதான். தண்ணீர் உறைய பூஜ்யத்துக்குக் கீழே போனால் மட்டும் போதாது. முதல் படிகம் உட்கார ஓர் இடம் வேண்டும். ஒரு தூசு, பாத்திரத்தில் ஒரு கீறல், இல்லையென்றால் ஏற்கெனவே உறைந்த ஒரு துணுக்கு. அப்படி எதுவும் இல்லாத சுத்தமான சிறு துளி சுமார் மைனஸ் 38 டிகிரி வரை திரவமாகவே தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே மூலக்கூறுகள் தாமாகவே கூடிப் படிகமாகிவிடும், தூசு தேவையில்லை.

மேகங்களில் இப்படிப்பட்ட துளிகள் ஏராளம். இதை வைத்து 1946இல் ஒரு நல்ல சம்பவம் நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர், ஒரு ஃப்ரீசர் பெட்டிக்குள் மூச்சை ஊதி மேகம் உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தும் பனி ஆகவில்லை. ஜூலை வெயிலில் பெட்டி போதிய குளிர் தராததால் உள்ளே ஒரு துண்டு ட்ரை ஐஸ் போட்டார். அந்த நொடியே பெட்டி முழுக்கப் பனித்துகள் மினுங்கியது. ட்ரை ஐஸில் மந்திரம் ஏதும் இல்லை. அதன் மைனஸ் 78 டிகிரிக் குளிர், பக்கத்துத் துளிகளை அந்த மைனஸ் 38 எல்லைக்குக் கீழே தள்ளிவிட்டது. நவம்பர் 13ஆம் தேதி விமானத்தில் போய் மாசசூசெட்ஸின் கிரேலாக் மலைப் பக்கம் ஒரு மேகத்தில் ட்ரை ஐஸ் தூவினார், மேகத்திலிருந்து பனி விழுந்தது. மேக விதைப்பு என்று இன்று சொல்வது அங்கிருந்து தொடங்கியது.

பவுடர் டாயில் ட்ரை ஐஸ் இருக்கிறது, பனி இருக்கிறது, காற்றழுத்தம் இருக்கிறது. மீக்குளிர் நீர் ஒன்றுதான் இல்லை. அங்கே உறைவதற்கும் உருகுவதற்கும் ஒரே எண்தான். இடையில் காத்திருக்கும் நிலையே கிடையாது.

எலிமென்டை எப்படி வடிவமைக்கலாம் என்று சொல்கிறேன். நான் லுவாவில் (விளையாட்டுக்குள்ளேயே ஓடும் ஓர் எளிய நிரல் மொழி) எழுதிப் பார்த்து, உடைத்து, மறுபடி எழுதியதிலிருந்து வந்தது இது.

மீக்குளிர் நீர் ஒரு திரவம். பூஜ்யத்துக்கு மேலே சாதாரண நீர்போல நடக்கட்டும், 100 டிகிரியில் ஆவி ஆகட்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஒன்றும் ஆகக் கூடாது. அது உறைய மூன்று வழிகள் போதும். ஒன்று, பனிக்கட்டியோ பனியோ பக்கத்தில் வந்து தொடுவது. இரண்டு, மைனஸ் 38க்குக் கீழே போவது. மூன்று, ஓர் அதிர்ச்சி, அதாவது விளையாட்டின் அழுத்த எண் திடீரென்று 1.5ஐத் தாண்டுவது. இந்த மூன்றாவதில் ஒரு போனஸ் கிடைக்கும். விளையாட்டில் பனிக்கட்டி 0.8 அழுத்தத்திலேயே நொறுங்கிப் பனி ஆகிவிடும். ஆகவே ஓரத்தில் ஒரு சின்ன வெடி வைத்தால் உறைவதும் நொறுங்குவதும் சேர்ந்து நடந்து, அந்தப் பனி உதிர்ந்து விழுந்து மற்ற இடங்களுக்கும் விதையாகும்.

தூசு தொட்டால் உறைய வேண்டுமே என்பீர்கள். அதற்குத் தனி விதி வேண்டாம். மணலோ தூளோ தொட்டால் மீக்குளிர் நீர் சாதாரண நீராக மாறட்டும். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் சாதாரண நீரை விளையாட்டே உறைய வைத்துவிடும், உறைந்த அந்த ஒரு பிக்சல் மற்றவற்றுக்கு விதையாகிவிடும். இப்படி ஏற்கெனவே உள்ள விதிகளை வேலை வாங்கும் எலிமென்ட்தான் நல்ல எலிமென்ட் என்பது என் கட்சி. ட்ரை ஐஸுக்கும் அப்படியே. ஷேஃபரின் பெட்டியில் நடந்ததுபோல, அதன் குளிர் பரவி மைனஸ் 38ஐத் தொட்டால் தானே உறையும். ட்ரை ஐஸ் என்ற பெயர்கூட உங்கள் நிரலில் வர வேண்டியதில்லை.

அடுத்தது உள்ளுறை வெப்பம். இங்கேதான் எலிமென்டுக்கு உயிர் வருகிறது. 334ஐத் தண்ணீரின் தன்வெப்பம் (1 கிராமை 1 டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) 4.18ஆல் வகுத்தால் 80 வரும். அதாவது ஒரு பிக்சல் தண்ணீர் உறையும்போது ஒரு பிக்சலை 80 டிகிரி சூடாக்கும் அளவு வெப்பம் வெளியே வருகிறது. அதை அந்த பிக்சலிலேயே கொட்டினால் மைனஸ் 20இல் உறைந்தது பிளஸ் 60க்குப் போய் உடனே உருகிவிடும். நான் முதலில் இந்தத் தப்பைத்தான் செய்தேன். திரை முழுக்க மின்னல் அடித்ததுபோல் பனியும் நீரும் மாறி மாறித் துடித்தது.

சரியான வழி பங்கு போடுவது. உறையப்போகும் பிக்சலைச் சுற்றி ஐந்துக்கு ஐந்து சதுரத்தில் இருக்கும் மீக்குளிர் நீரையும் பனிக்கட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பூஜ்யத்துக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறது என்று கூட்டுங்கள். கூட்டுத்தொகை 80க்கு மேல் இருந்தால் உறையலாம், அந்த 80ஐ எல்லோருக்கும் அவரவர் குளிருக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுங்கள். 80 தேறவில்லையென்றால் இன்னும் குளிரும்வரை காத்திருக்கட்டும்.

மைனஸ் 20இல் 25 பிக்சல் என்றால் கையிருப்பு 500 டிகிரி. ஆறு பிக்சல் உறையும், 20 டிகிரி மிச்சம். ஏறத்தாழ நான்கில் ஒன்று. நிஜத்திலும் மைனஸ் 20 மீக்குளிர் நீரில் நான்கில் ஒரு பங்குதான் சட்டென்று உறையும், மற்றது பூஜ்ய டிகிரியில் கூழாக நிற்கும். ஃப்ரீசர் பாட்டில் ஏன் கல்லாகாமல் கூழாகிறது என்பதற்கும் விடை இதுதான். மைனஸ் 8இல் எடுத்த பாட்டிலில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் உடனடி உறைவு. எந்த மாற்றமும் செய்யாமல் நிஜ விகிதம் திரையில் தானாக வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்த முறையில் மைனஸ் 3க்கு மேலே உறையாது என்பது ஒரு குறை (25 × 3 = 75, தேறவில்லை). விளையாட்டுக்கு இது பரவாயில்லை.

இன்னொரு பலனும் உண்டு. கூழான பிறகு மிச்சத்தை உறைய வைக்க நிஜமாகவே உழைக்க வேண்டும். 70 கெல்வின் நைட்ரஜன் பூஜ்யத்துக்கு வர 203 டிகிரி வாங்கும், அதை வைத்து இரண்டரை பிக்சல் உறைய வைக்கலாம். பழைய எட்டுக்கு ஒன்று போய்விட்டது. பெரிய குளத்தை உறைய வைக்க வேண்டுமென்றால் ரெஃப்ரிஜரன்ட் எலிமென்டை வைத்து ஒரு குளிர்பதன இயந்திரமே கட்ட வேண்டியிருக்கும். அழுத்தினால் சூடேறித் திரவமாகும், அழுத்தம் குறைந்தால் குளிரும் அந்த எலிமென்டை ஃப்ரீஸ் பவுடர் இருப்பதால் பலரும் சீண்டுவதே இல்லை. பாவம், அதற்கும் ஒரு வேலை கிடைக்கும்.

இரண்டு பொறிகளைத் தாண்ட வேண்டும். முதல் பொறி: மைனஸ் 38 விதியை விளையாட்டின் வழக்கமான 'குறைந்த வெப்பநிலை மாற்றம்' என்ற பண்பில் எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதாதீர்கள். அப்படி உறையும்போது, எந்தத் திரவத்திலிருந்து வந்தது என்பதைப் பனிக்கட்டி ஒரு குறிப்பாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். உருகும்போது அந்தத் திரவத்தின் உறைநிலையைத்தான் தன் உருகுநிலையாக எடுத்துக்கொள்ளும். விளைவு, உங்கள் பனிக்கட்டி மைனஸ் 37இல் உருகும்! ஆகவே வெப்பநிலையை உங்கள் நிரலிலேயே சோதித்து, பனிக்கட்டியாக மாற்றும்போது மூலத்தைச் சாதாரண நீர் என்று எழுதிவிடுங்கள். அப்புறம் அது பூஜ்யத்தில் ஒழுங்காக உருகும், உருகினால் சாதாரண நீர்தான் வரும். மீக்குளிர் நீர் திரும்ப வராது. இது ஒரு நன்மையும்கூட. உறையும்போது 80 டிகிரி கொடுத்துவிட்டு, உருகும்போது ஒன்றும் வாங்காமல், மறுபடி உறையும்போது 80 கொடுத்தால் அது ஓசியில் வெப்பம் தரும் இயந்திரம். ஒருவழிப் பாதையாக இருந்தால் அந்தத் திருட்டு நடக்காது. திட வடிவத்துக்கென்று இன்னொரு எலிமென்டும் தேவைப்படாது. இப்போதைய அமைப்பில் மொத்தம் 512 இடம்தான், ஒரு யோசனைக்கு ஓர் இடம் மட்டும் கேட்பது மரியாதை.

இரண்டாவது பொறி வரிசை. துகள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதில்லை, எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக மாறுகின்றன. 100ஆம் துகள் உறைந்தால், அதே பிரேமில் 101ஆம் துகள் அதைப் பார்த்து உறையும், அடுத்து 102. ஒரே பிரேமில் குளத்தின் ஒரு பக்கம் முழுக்க உறைந்து, மறுபக்கம் ஒரு பிக்சல்தான் நகர்ந்திருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும். விதையைத் தொட்டாலும் பத்தில் ஒரு வாய்ப்புதான் என்று வைத்தால் இது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பழைய எலிமென்ட்களும் இப்படித்தான் செய்கின்றன. உப்பு பனிக்கட்டியைக் கரைக்கும் வாய்ப்பு ஒரு பிரேமுக்கு 200இல் ஒன்று.

உப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைக் கொட்டுவதே, உப்பு கரையும்போது கலவை மைனஸ் 21 வரை இறங்கும் என்பதால்தான். விளையாட்டில் உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்து உப்புநீர் ஆகும், குளிர் ஒரு டிகிரிகூட அதிகமாகாது. இதைச் சரிசெய்யச் சொல்லியும் நீங்கள் பரிந்துரைக்கலாம், சின்ன மாற்றம்தான். ஆனால் அதற்கு ஒரு தடை இருக்கிறது, அந்தத் தடை உங்கள் எல்லாப் பரிந்துரைக்கும் பொருந்தும்.

தடை என்னவென்றால் பழைய சேவ்கள், அதாவது விளையாடுபவர்கள் சேமித்து வைத்த படைப்புகள். ஆண்டுக்கணக்காக மக்கள் கட்டிவைத்த அணு உலைகள், கணினிகள், இயந்திரங்கள் எல்லாம் இன்றைய விதிகளை நம்பி ஓடுகின்றன. மீக்குளிர் நீரைத் தனி எலிமென்டாகச் சொல்வதற்கும் இதுதான் காரணம். டிஸ்டில்ட் வாட்டர் ஏற்கெனவே இருக்கிறது, சுத்தமான நீர் என்பதால் இந்தக் குணம் இயல்பாகவே அதற்குத்தான் சேர வேண்டும். ஆனால் அதன் விதியை மாற்றினால், யாரோ எப்போதோ பூஜ்யத்தில் உறையும் என்று நம்பி வைத்த வால்வு இன்று உறையாது. 'இருக்கிற எலிமென்டை மாற்றுங்கள்' என்பது எப்போதும் 'புதிதாக ஒன்று சேருங்கள்' என்பதைவிடக் கடினமான கோரிக்கை.

இனி எழுதி அனுப்பும் விதம். முதல் வரியில் வெப்பநிலையை எழுதாதீர்கள். 'உறைநிலைக்குக் கீழேயும் திரவமாக நிற்கும், விதை பட்டால் உறைந்து சூடேறும் நீர்' என்று எழுதுங்கள். உறையும்போது சூடேறும் என்ற இடத்தில் படிப்பவர் நிற்பார். அடுத்து, இருக்கிற எந்த எலிமென்டோடு சேர்ந்து என்ன செய்யும் என்று நாலு வரி. பெயர் நான்கு ஆங்கில எழுத்துக்குள் இருக்கட்டும், மெனுவில் அவ்வளவுதான் இடம். கதை, அறிமுகம், 'இது மிகவும் சக்தி வாய்ந்தது' போன்ற வரிகள் எல்லாம் வேண்டாம்.

அதைவிட முக்கியம், கையோடு ஒரு லுவா நிரலை இணைப்பது. விளையாட்டின் மூல நிரலில் ஒவ்வொரு எலிமென்டும் சி பிளஸ் பிளஸில் தனித்தனிக் கோப்பாக இருக்கிறது, திறந்த மூலம் என்பதால் யாரும் பார்க்கலாம். ஆனால் மாதிரி காட்ட அவ்வளவு தூரம் போக வேண்டாம். லுவாவிலேயே புதிய எலிமென்ட் ஒன்றைப் பதிவுசெய்து, தண்ணீரின் பண்புகளை அப்படியே நகலெடுத்து, உறைநிலையை மட்டும் நீக்கி, ஒவ்வொரு பிரேமிலும் ஓடும் செயல்பாட்டை உங்கள் விதிகளோடு இணைத்தால் போதும். நூறு வரிகூட ஆகாது. ஆயிரக்கணக்கான பிக்சல் வரைந்தால் வேகம் குறையும், லுவா என்றால் அது இருக்கத்தான் செய்யும். ஏற்றுக்கொண்டால் சி பிளஸ் பிளஸில் எழுதுவார்கள், அப்போது சரியாகிவிடும். உங்களுக்கே அந்த மொழி தெரியுமென்றால் எழுதி நேராக அனுப்பலாம்.

மாதிரிக்கு ஒரு சேவும் வையுங்கள். வெப்பத் தடுப்பானால் உயரமான ஒரு பாட்டில் வரையுங்கள், தொண்டை குறுகலாக இருக்கட்டும். உள்ளே மீக்குளிர் நீரை நிரப்பி வெப்பநிலையை மைனஸ் 20 ஆக்குங்கள். வெப்பநிலையை நிறமாகக் காட்டும் பார்வைக்கு மாறி, விளையாட்டை நிறுத்திவைத்துச் சேமியுங்கள். திறப்பவர் ஓடவிட்டு, பாட்டில் வாயில் ஒரே ஒரு பிக்சல் பனியைப் போட வேண்டும். கீழே இறங்கும் உறைவு அலையோடு கூடவே சூட்டின் நிறமும் இறங்குவதை அவரே பார்த்துக்கொள்வார்.